எலும்பா, பல்லா: காவிரிப் படுகையில் எதை முதலில் நாடுவது?

பழங்கால மனிதர் விலங்குகளோடு எவ்வாறு உறவாடினர் என்பதை அறிய, அகழாய்வில் கிடைக்கும் விலங்கின் எலும்பை நாடுவதா, பல்லை நாடுவதா என்ற கேள்வி காவிரிப் படுகையில் தனி எடை கொள்கிறது. மாறிமாறி நனைந்து காயும் நஞ்சை மண்ணில் எலும்பு எளிதில் நைந்துபோக, பல்லின் கடினமான மேலுறையான எனாமல் நெடுங்காலம் தாங்குகிறது.

எலும்பு இறப்பைச் சொல்லும்: கத்தி பட்ட கீறல், தீயின் கருகல், எந்தெந்த விலங்கு என்ற விவரம். வைகைக் கரையின் கீழடியில் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு வெளிமானின் எலும்பும் அடையாளம் காணப்பட்டதால், வளர்ப்போடு வேட்டையும் இருந்ததென்று கருத முடிகிறது.

பல்லோ வாழ்வைச் சொல்லும். எனாமல் உருவாகும் இளம்பருவத்தில் தின்ற தீவனத்தின் கரிம ஐசோடோப்பு (எடையில் வேறுபட்ட கரிம அணுக்கள்) விகிதம் அதில் பதிந்து மாறாமல் நிற்பதாலும், நெல்லும் சோளமும் வெவ்வேறு வகையில் ஒளிச்சேர்க்கை செய்வதால் அவற்றில் இந்த விகிதம் வேறுபடுவதாலும், ஒரு கன்று வைக்கோல் தின்று வளர்ந்ததா, சோளத்தட்டை தின்று வளர்ந்ததா என ஊகிக்கலாம். நீர்நிலைப் புற்கள் சில இந்தக் கணக்கைக் குழப்பக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. வேட்டையைத் தேடுவோருக்கு எலும்பே துணை என்றாலும், உழவும் மாடும் பிணைந்த இந்த மண்ணுக்கு நான் முதலில் கேட்பது பல்லைத்தான்.