யூரியாவோடு ஆறு ஆண்டுகள்: என் புல்தரை அனுபவம்

சிங்கப்பூரின் யீஷூனில் என் தரைவீட்டின் பின்புறம் 60 சதுர மீட்டர் புல்தரை. இங்கே எங்கும் பார்க்கும் கவ் கிராஸ் என்ற அகன்ற இலைப் புல்தான். ஆறு ஆண்டுகளாக அதற்கு யூரியா உரம் போடுகிறேன். அதில் 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்). வேலை செய்கிறது, ஆனால் அளவு மீறினால் புல் கருகிவிடும்.

முதல் தடவையே மீறியது. இரவு மழையின் ஈரம் காயாத புல்மேல், கோழிக்குத் தீனி வீசுவதுபோல் 2 கிலோவை வீசினேன். மூன்றாம் நாள், பிடி விழுந்த இடமெல்லாம் தீய்ந்த தோசை. ஊரில் மாடும் தீவனப்புல்லும் வளர்க்கும் பெரியப்பாவிடம் போனில் புலம்பினால், "ஏக்கருக்கு ஒரு மூட்டைதான்டா, அதுவும் அறுத்த பிறகு. நீ உரம் போட்டியா, உப்புக்கண்டம் போட்டியா?" என்றார். அவருடைய 45 கிலோ மூட்டையை வகுத்தால் சதுர மீட்டருக்கு 11 கிராம். நான் கொட்டியது 33! இப்போது ஒரு தடவைக்கு 600 கிராம், சமையலறைத் தராசில் நிறுத்து, பாதியை நெடுகவும் பாதியைக் குறுக்காகவும் தூவுகிறேன்.

அளவு ஒரே நாளில் பிடிபட்டது. நேரம் பிடிபட இரண்டு ஆண்டு ஆனது. மண்மேல் கிடக்கும் யூரியா அமோனியாவாகப் பறந்துவிடும், நம் வெக்கைக்கு இன்னும் வேகமாக. பத்து மில்லிமீட்டர் தண்ணீர் அதை உள்ளே இறக்கிவிடும். குழாயில் பிடித்தால் 600 லிட்டர். அதனால் மழையை நம்புகிறேன். டிசம்பர், ஜனவரியில் மட்டும் தொடுவதில்லை. நாள்கணக்கில் கொட்டும்போது, மண்ணில் யூரியா மாறி உண்டாகும் நைட்ரேட் கால்வாயோடு போகும், தண்ணீர் தேங்கிய மண்ணில் மிச்சமும் வாயுவாகிவிடும். பிப்ரவரியில் காய்ந்து கிடந்தால் புல்லே வளராது, அப்புறம் உரம் எதற்கு? ஏப்ரல், மே, அக்டோபர்தான் எனக்குத் தோது. காலையில் புல் காய்ந்ததும் தூவினால், பிற்பகல் இடிமழை பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். ஏமாந்த நாள்களும் உண்டு.

பெரியப்பா அறுத்த புல் மாட்டுக்குப் போகிறது, சத்தும் கூடவே போகிறது. அதனால் ஒவ்வோர் அறுப்புக்கும் போடுகிறார். உரமிட்ட கையோடு அறுத்துப் போட்டால் நைட்ரேட் மாட்டுக்கு ஆகாது என்று சில வாரம் விடுவார். எனக்கு அந்தக் கவலை இல்லை. வெட்டிய புல்லைத் தரையிலேயே விடுகிறேன், ஆண்டுக்கு மூன்று தடவை போதுகிறது.

குறைகள்? உரமிட்டால் வாரம் தவறாமல் வெட்ட வேண்டும். நாளாக மண்ணில் அமிலம் கூடிப் புளித்துப்போகும். அதைச் சரிக்கட்ட நான்காம் ஆண்டு சுண்ணாம்பு போட்டேன். பொட்டலத்தைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் கட்டியாகிவிடும். என்னுடையது பழைய மைலோ பானப்பொடி டின்னில், பெரிய எழுத்தில் 'மைலோ அல்ல' என்று ஒட்டி இருக்கிறது.