பார் சோப்பா, பவுடரா, லிக்விடா?

எங்கள் வீட்டில் மூன்றும் உண்டு. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மாவின் நீல பார் சோப். வாஷிங் மெஷின் தலையில் நான் வாங்கிய பவுடர். அதற்குப் பின்னால், தள்ளுபடி என்று மனைவி எடுத்து வந்த இரண்டு லிட்டர் லிக்விட். எது நல்லது என்ற சண்டை ஞாயிறுதோறும் நடக்கும்.

காலருக்கும் கைமுனைக்கும் பார் சோப்தான். அழுக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே தடவி, பிரஷ் போட்டு நாலு தேய் தேய்த்தால் போதும். அம்மா அதை நம்புவதற்குக் காரணம் வேறு: நுரை. அதைக் கேலி செய்ய முடியாது. எண்ணெயில் காய்ச்சிய அந்தக்கால சோப்பு, உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிந்துபோகும். அதையும் மீறி நுரை வந்தால்தான் அழுக்கைப் பிடிக்க சோப்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். டிடர்ஜென்ட் வந்த பிறகு போர் தண்ணீரிலும் நுரை பொங்குகிறது. அது எதற்கும் சாட்சி இல்லை. ஆனாலும் நம் கண் பழைய கணக்கையே போடுகிறது. விளம்பரக்காரர்களுக்கு அது தெரியும். எந்த சோப்பு விளம்பரத்திலாவது நுரை இல்லாத பக்கெட்டைப் பார்த்திருக்கிறீர்களா?

பவுடர் கதை இன்னும் சுவாரசியம். 1959இல் சர்ஃப் வந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டிலேயே பவுடர் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். மகள் நிருபமாவின் பெயரிலிருந்து நிர்மா என்று பெயர். விலை சர்ஃபில் ஏறக்குறைய கால்வாசி. போட்டியைச் சமாளிக்க 80களில் சர்ஃப் தன் விளம்பரத்தில் இறக்கிய ஆள்தான் லலிதாஜி. மலிவுப் பவுடர் ஒரு கிலோவும் சர்ஃப் அரைக் கிலோவும் சமம் என்று காய்கறிக் கடையில் நின்று கணக்குச் சொன்ன அம்மாள். நிர்மா விற்றது சிக்கனத்தை. சர்ஃப் விற்றது சாமர்த்தியத்தை, அதாவது குடும்பத்தலைவியின் நல்ல பெயரை. புருஷன் சட்டை வெளுப்பை வைத்து மனைவிக்கு மார்க் போடும் ஊரில் இரண்டாவது சரக்குக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அப்புறம் சர்ஃப் எக்செலின் ‘கறை நல்லது’ விளம்பரம் வந்து, மார்க் பிள்ளை வளர்ப்புக்கு மாறியது. துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று 2015இல் ஏரியல் கேட்டது. எங்கள் வீட்டில் அதைக் கேட்க விளம்பரம் தேவைப்படவில்லை.

வெள்ளைக்கு ஒரு வார்த்தை. 1983இல் எம்.பி. ராமச்சந்திரன் கேரளத்தில் தொடங்கிய கம்பெனியின் உஜாலா சொட்டு நீலம் பிரபலமானபோது, பொடி நீலத்தின் திட்டுத்திட்டான கறையிலிருந்து பலர் தப்பித்தார்கள். சொட்டு நீலம் அழுக்கை எடுக்காது. மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும். இன்று பல பவுடர்களில் இருக்கும் வெண்மையூட்டியும் கண்கட்டுதான். வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக விடும். இருந்தாலும் வேட்டிக்கு நீலம் போடாமல் என்னால் இருக்க முடியாது.

லிக்விட் முழுதாகக் கரையும். கறுப்பு பேண்டில் வெள்ளைத் திட்டு விழாது. ஆனால் எதைப் போட்டாலும் அளவு முக்கியம். அது எனக்குத் தெரிந்தது, கையால் துவைக்கிற பக்கெட் பவுடரை ஃப்ரன்ட் லோட் மெஷினில் கொட்டிய அன்று. பவுடர் போடும் டிரே வழியாக நுரை வழிந்து தரையெல்லாம் ஓடியது. பார்க்க வந்த மெக்கானிக் சொன்னார்: “சார், ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு மடங்கு வெளுக்காது.” லிக்விட் மூடியின் உள்ளே ஒரு கோடு இருக்கும், பாருங்கள். அளவு அதுவரைதான். ஆனால் கை தானாக மூடியை நிரப்பும். பாட்டில் சீக்கிரம் தீரும், கம்பெனிக்கு லாபம். வாசனைக்காக ஊற்றும் துணி கண்டிஷனர் வேறு. டவலில் ஊற்றாதீர்கள், ஈரம் இழுக்காது.

இப்போதைக்கு எங்கள் வீட்டு ஏற்பாடு இது. காலருக்கு முதலில் பார் சோப். வெள்ளைக்கும் பள்ளிச் சீருடைக்கும், மெஷினுக்கென்று விற்கும் நுரை குறைந்த பவுடர். அதிலுள்ள சோடா உப்புத் தண்ணீரையும் சமாளிக்கிறது. கறுப்புத் துணிக்கும் பாலியஸ்டருக்கும் லிக்விட், கோடுவரை. மெஷினில் நுரையே காணோமே என்று கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்ப்பதை மட்டும் அம்மா இன்னும் விடவில்லை.