எரிபொருள் ஓட்டமானி: கருவி நல்லது, கையேடு மோசம்

படகின் டேங்க் முள்ளை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. டேங்குக்குள் இருக்கும் மிதவை அலையோடு ஆடும், முள்ளும் கூடவே ஆடும். முன்பக்கம் தூக்கினால் முக்கால் டேங்க், தாழ்ந்தால் கால் டேங்க். அந்த ஆட்டத்தைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் என் 60 குதிரைத் திறன் அவுட்போர்டுக்கு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) ஓட்டமானி வாங்கினேன்; எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை வழியிலேயே அளக்கும் கருவி இது. ஒரே எஞ்சின், பெட்ரோல், டேங்குக்குத் திரும்பிவரும் குழாய் கிடையாது. இப்படிப்பட்ட படகு வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் கூட வரும் கையேட்டை மட்டும் நம்பிப் பொருத்த உட்கார வேண்டாம்.

பெட்டியில் இருப்பவை ஒரு சிறிய சென்சார், ஒரு வட்டத் திரை, மூன்று கம்பிகள் உள்ள ஒரு கேபிள். சென்சாருக்குள் ஒரு குட்டிச் சக்கரம். பெட்ரோல் ஓடும்போது சக்கரம் சுழல, அதில் பதித்த காந்தத்தை ஹால் சென்சார் உணர்ந்து மின்துடிப்புகளை அனுப்புகிறது. திரை அவற்றை எண்ணி லிட்டராக மாற்றிக் காட்டுகிறது. ஆக, இது எண்ணுவது சக்கரத்தின் சுழற்சியைத்தான். சக்கரத்தைத் தள்ளியது பெட்ரோலா, காற்றுக் குமிழியா என்று அதற்குத் தெரியாது. கையேட்டின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய இந்த விஷயம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

'எரிபொருள் குழாயில் வசதியான இடத்தில் பொருத்தவும்' என்கிறது கையேடு. வசதி யாருக்கு? சென்சார் இருக்க வேண்டிய இடம், தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டருக்குப் பிறகு, எஞ்சினுக்கு முன்பு. ஃபில்டருக்கு முன்னால் வைத்தால் டேங்கின் அடியில் இருக்கும் குப்பை முழுவதும் சக்கரத்தின் அச்சில் போய் உட்காரும். சென்சாரைச் செங்குத்தாக, பெட்ரோல் கீழிருந்து மேலே ஏறும்படி நிறுத்தினால் குமிழிகள் தங்காமல் போய்விடும். திருகு மரைகளில் வெள்ளை டேப் சுற்றும் பழக்கம் பலருக்கு உண்டு, இங்கே கூடாது. அதிலிருந்து பிரியும் ஒரு நூல் போதும், சக்கரம் நின்றுவிடும். பெட்ரோலைத் தாங்கும் பசையையே பூச வேண்டும், அதையும் முதல் மரையை விட்டுவிட்டு. பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆவி வெளியேறும்படி எல்லா மூடிகளையும் திறந்துவைத்த பிறகே குழாயை வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். கையேடும் சொல்லவில்லை.

கம்பி வேலை எளிது. சிவப்புக் கம்பி ஃபியூஸ் வழியாக இக்னிஷன் சுவிட்சுக்கு, கறுப்பு நேராக பேட்டரி நெகட்டிவ் இணைப்புப் பட்டைக்கு. எஞ்சின் உடம்பில் கிடைத்த போல்ட்டில் கறுப்பைக் கட்டினால் எண்கள் துள்ளும். துடிப்பைக் கொண்டுவரும் மூன்றாவது கம்பியை ரேடியோவின் ஆன்டெனா கேபிளோடு சேர்த்துக் கட்டக் கூடாது. என் படகில் பழைய கேபிள் கட்டு ஒன்று ஏற்கெனவே அந்த வழியில் போனது. எஞ்சின் அணைந்திருக்கும்போதே, ரேடியோவில் பேசப் பொத்தானை அழுத்தினால் திரையில் பெட்ரோல் ஓடியது! கம்பியை வேறு பக்கமாகத் திருப்பியதும் சரியானது.

அதற்குப் பிறகு வந்த தொல்லை இன்னும் சுவாரஸ்யமானது. வேகம் மாறாமல் போகும்போதே மணிக்கு 11 லிட்டர் என்பது திடீரென்று 16 ஆகும், மறுபடி இறங்கும். விற்பனையாளரிடம் கேட்டதற்கு, சென்சார் கெட்டுவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார். கழற்றி, சக்கரத்தை வாயால் மெல்ல ஊதி (கம்ப்ரஸர் காற்றைக் காட்டினால் அச்சு போய்விடும்), துடிப்புக் கம்பியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மின்னழுத்தம் ஒழுங்காக ஏறி இறங்கியது. சென்சார் மேல் குற்றமில்லை. பிறகுதான் பிரைமர் பல்பை, அதாவது பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்றக் கையால் அமுக்கும் ரப்பர் குமிழை, கவனித்தேன்: எவ்வளவு அமுக்கினாலும் கல் போல் இறுகவில்லை. டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் இருந்தால் ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஃபில்டர் முனையில் வயதான குழாய் வெடித்திருந்தது. அந்தத் துண்டை மாற்றியதும் எண் அசையாமல் நின்றது. இந்தக் கருவி இல்லாவிட்டால் அந்த விரிசல் எப்போது தெரிந்திருக்குமோ.

அளவைச் சரிபார்க்காமல் எந்த ஓட்டமானியையும் நம்பக் கூடாது. டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டு, படகு அதே மட்டத்தில் நிற்கும்போது மறுபடி நிரப்ப வேண்டும். திரை 54 என்று காட்டி பம்ப் 60 லிட்டர் என்றால், 60-ஐ 54-ஆல் வகுத்து வரும் 1.11-தான் திருத்தம். பத்து லிட்டரை வைத்து இதைச் செய்வது வீண், நிரப்பும்போது ஏற்படும் ஒரு லிட்டர் பிசகே கணக்கைக் கெடுத்துவிடும். வித்தியாசம் 20 சதவீதம் போல வந்தால், திரை எந்த கேலனில் கணக்கிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546.

காசுக்கான பலன் எங்கே என்றால், ஜி.பி.எஸ்.ஸோடு இணைத்தபின் கிடைக்கும் ஒரே ஓர் எண்ணில்: ஒரு கடல்மைலுக்கு எத்தனை லிட்டர். முழு வேகத்தில், 26 நாட்டில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்), என் எஞ்சின் மணிக்கு 22 லிட்டர் குடிக்கிறது; கடல்மைலுக்கு 0.85. நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் 17 நாட், மணிக்கு 11 லிட்டர், கடல்மைலுக்கு 0.65. இன்னும் மிச்சம் பிடிக்கலாமே என்று 3,000-க்கு இறக்கினால், முன்பக்கம் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதபடி 8 நாட்டில் போகும் படகு மணிக்கு 8 லிட்டரை விழுங்குகிறது. கடல்மைலுக்கு ஒரு லிட்டர்! மெதுவாகப் போனால் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டிருந்த நண்பர்களுக்கு இதைக் காட்டுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

குறைகளும் உண்டு. எஞ்சின் சும்மா ஓடும்போது சில நேரம் பூஜ்யம் காட்டுகிறது. அவ்வளவு மெல்லிய ஓட்டம் சக்கரத்தைச் சுழற்றப் போதவில்லை. நாளெல்லாம் தூண்டில் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகிறவர்களுக்கு மொத்தக் கணக்கு குறைவாகத்தான் வரும். வெயிலில் திரை மங்குகிறது.

டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்த ஒற்றைச் சென்சார் வகையின் பக்கமே போக வேண்டாம். டீசல் எஞ்சினில் உறிஞ்சிய டீசலின் ஒரு பகுதி சூடேறி டேங்குக்கே திரும்புகிறது. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டு சென்சார் இருந்தால்தான் கழித்துப் பார்த்து உண்மையான செலவைச் சொல்ல முடியும்.