மாதம் 149 ரூபாய் ஹோஸ்டிங்: ஆறு வருடக் கணக்கு

எங்களுக்கு உடன்குடியில் கருப்பட்டிக் கடை, அப்பா காலத்திலிருந்து. 2019 அக்டோபரில் அதற்கு ஒரு வெப்சைட் போட்டேன். சைட் கட்டும் மென்பொருள் வேர்ட்பிரஸ், ஆன்லைனில் விற்க அதன் மேல் வூகாமர்ஸ். சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்தான் ஹோஸ்டிங்; நான் எடுத்தது ஒரே சர்வரைப் பல சைட்டுகள் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங். "எந்தக் கம்பெனி நல்லது?" என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெயரைச் சொல்வதை விட நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காசு. விளம்பரத்தில் மாதம் 149 ரூபாய் என்று இருந்தது. அந்த விலைக்கு வேண்டுமானால் மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும். 5,364 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 6,330. சரி என்று கட்டினேன். 2022-இல் புதுப்பிக்கப் போனால் மாதம் 449. ஒரு வருடத்துக்கு மட்டும் வரியோடு 6,358 ரூபாய், அதாவது முன்பு மூன்று வருடத்துக்குக் கொடுத்ததை விட 28 ரூபாய் கூடுதல்! ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது. புதுப்பிக்கும் விலை முதல் நாளே பொடி எழுத்தில் இருந்திருக்கிறது, நான்தான் கீழே வரை படிக்கவில்லை.

"வரம்பற்ற இடம்" என்பதும் அப்படித்தான். இடத்துக்கு வரம்பில்லை, ஃபைல்களின் எண்ணிக்கைக்கு உண்டு; அதை ஐநோடு என்கிறார்கள். நாம் ஒரு போட்டோ ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதைச் சின்னதும் பெரிதுமாக ஏழெட்டுப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். போதாக்குறைக்குச் சோதனைக்கென்று சைட்டை இரண்டு முறை நகலெடுத்து, அழிக்க மறந்திருந்தேன். ஒரு பிளக்இன் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) அப்டேட்டில் சைட் படுத்தபோது பேக்அப் கேட்டேன். ஒரு லட்சம் ஃபைலைத் தாண்டிய கணக்குக்குத் தானியங்கி பேக்அப் கிடையாதாம், அதுவும் விதிமுறையில் இருக்கிறதாம். இரண்டு மாதத்துக்கு முன் நானே லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. இடையில் வந்த ஆர்டர்களை மெயிலைப் பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினேன். இப்போது வாரம் ஒருமுறை ஒரு பிரதி கூகுள் டிரைவுக்குத் தானாகப் போய்விடுகிறது.

2023 நவம்பரில் ஒரு சமையல் யூடியூபர் எங்கள் கருப்பட்டியைக் காட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது, பத்து நிமிடம். அதன்பின் சைட்டைத் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் '508 ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு'. வருகிறவர்களுக்குப் பக்கத்தைத் தயாரித்துக் கொடுப்பது பிஎச்பி என்ற நிரல். அது ஒரே நேரத்தில் எத்தனை வேலையை எடுக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது, எங்கள் திட்டத்தில் 20. சப்போர்ட்டில் கேட்டால் பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். பதற்றத்தில் மாறினேன். அது தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கேஷ் பிளக்இன் ஒன்றைப் போட்டிருந்தால் பக்கங்கள் தயாராக எடுத்து வைத்ததுபோல் போய்ச் சேர்ந்திருக்கும், பிஎச்பி எழுந்து வேலை பார்க்க வேண்டியதில்லை. கார்ட், செக்அவுட் பக்கங்களை மட்டும் கேஷிலிருந்து விலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் கூடை இன்னொருவருக்குத் தெரிய வாய்ப்பு உண்டு.

மறுவருடம் மும்பையில் சர்வர் உள்ள வேறு கம்பெனிக்கு மாறினேன். பழைய சர்வர் தொலைவில், அமெரிக்காவில் இருந்தது. மாறிய அன்றே அட்மின் பக்கம் (நான் சைட்டை நிர்வகிக்கும் பக்கம்) சட்டென்று திறந்தது. சைட்டை மாற்றியது ஒரு ராத்திரி வேலை. டொமைனுக்குத்தான், அதாவது சைட்டின் முகவரிப் பெயருக்குத்தான், மூன்று வாரம். ஆரம்பத்தில் சைட் செய்து தந்த தம்பி டொமைனைத் தன் மெயில், தன் மொபைல் எண்ணில் பதிந்திருக்கிறார். நல்ல பையன்தான், இப்போது சிங்கப்பூரில் வேலை. ஓடிபி அவர் போனுக்குப் போகும், நான் இங்கே காத்திருப்பேன். "அண்ணே, மீட்டிங்ல இருந்தேன், இப்பதான் பார்த்தேன்" என்று அனுப்புவதற்குள் அது காலாவதியாகிவிடும். ஹோஸ்டிங் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கட்டும், டொமைன் உங்கள் மெயிலில், உங்கள் எண்ணில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

விளம்பரத்துக்கு வருகிறேன். கூகுள் ஆட்ஸில் முதல் மாதம் 8,000 ரூபாய் போட்டு வந்தது நான்கு ஆர்டர். எந்தத் தேடலுக்கு விளம்பரம் காட்டப்பட்டது என்ற அறிக்கையைத் திறந்தேன். 'கருப்பட்டி மைசூர்பாகு செய்முறை', 'சர்க்கரை நோயாளி கருப்பட்டி சாப்பிடலாமா'. இவர்கள் யாரும் வாங்க வந்தவர்கள் இல்லை. 'செய்முறை', 'நன்மைகள்' போன்ற சொற்களை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது அந்தச் சொல் வரும் தேடலுக்கு விளம்பரம் காட்ட வேண்டாம் என்று, சேர்த்தேன். அடுத்தது இட அமைப்பு. தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்தாலும், தமிழ்நாட்டின் மேல் 'ஆர்வம் காட்டுபவர்களுக்கும்' சேர்த்துத்தான் அது தானாக அமைந்திருக்கும். நாங்கள் பார்சல் அனுப்பாத துபாயிலிருந்தெல்லாம் கிளிக் வந்த காரணம் அதுதான். 'இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றிய பின் அதே பணத்துக்கு ஆர்டர் இரட்டை இலக்கத்துக்கு வந்தது.

ஆனால் காசே செலவழிக்காமல் வந்ததுதான் அதிகம். எந்தத் தேடலில் நம் சைட் வந்தது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைப் பார்த்தால் தெரியும், மக்கள் கருப்பட்டியை ஆங்கில எழுத்தில் ஒரு 'பி', இரண்டு 'பி', ஒரு 'டி', இரண்டு 'டி' என்று எத்தனை விதமாகத் தட்டுகிறார்கள் என்று. சீனிப்பாகு கலந்த கருப்பட்டியைக் கண்டுபிடிப்பது பற்றித்தான் நிறையப் பேர் தேடுகிறார்கள். அதற்கு அப்பாவிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன், இன்றுவரை அதிகம் படிக்கப்படுவது அதுதான். 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் ஊர்ப்பெயரோடு சேர்ந்த தேடல்களும் கூடின. கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்ததும் இலவசம். தசராவுக்குப் பக்கத்திலிருக்கும் குலசை (குலசேகரன்பட்டினம்) வருகிற கூட்டத்தில் சிலர் அதைப் பார்த்து நேரே கடைக்கே வந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குறை பாக்கி இருக்கிறது. யுபிஐ, கார்டு எல்லாம் வைத்து செக்அவுட் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சைட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. மேலே இருக்கும் போன் நம்பரை அழுத்தி, "அண்ணாச்சி, சைட்ல போட்ட விலைதானா, அஞ்சு கிலோ எடுத்தா பாத்துப் போடுவீங்களா?" என்கிறார்கள்.