நியூயார்க் சிஎல்இ அன்லிமிடெட் பிளான்: பழைய ஆளுங்களுக்கு ஓகே, புதுசா பார்ல சேர்ந்த வக்கீலுங்க உஷார்

சிஎல்இ-னா வக்கீலுங்க கட்டாயமா படிச்சுக்கிட்டே இருக்க வேண்டிய தொடர் சட்டப் படிப்பு. அதுக்கு வருஷ சந்தா கட்டினா எவ்வளவு கிளாஸ் வேணாலும் பாத்துக்கலாம்னு விக்கிற ஒரு ஆன்லைன் கம்பெனி, பேர் வேணாம். நான் வக்கீலா பார்ல சேர்ந்து ரெண்டு வருஷம் தாண்டியாச்சு, அதனால எனக்கு 2 வருஷத்துக்கு 24 கிரெடிட், எல்லாத்தையும் ரெக்கார்டட்லயே முடிச்சாலும் நியூயார்க்ல யாரும் கேக்க மாட்டாங்க. எதிக்ஸ் (தொழில் நெறி) 4, டைவர்சிட்டி 1, 2023 ஜூலைல வந்த சைபர் செக்யூரிட்டி 1, எல்லாம் இதுலயே இருக்கு. 50 நிமிஷம் ஒரு கிரெடிட்.

ஓட விட்டுட்டு சமைக்கலாம்னு நெனைக்காதீங்க, நடுவுல திடீர்னு ஒரு கோட் (குறியீடு) சொல்லுவாங்க, அதை எழுதி வச்சு கடைசில ஃபார்ம்ல போட்டு நான்தான் முழுசா பாத்தேன்னு கையெழுத்து போட்டாதான் சர்டிபிகேட். அந்த விஷயத்துல இவங்க சுத்தம், கோட் தெளிவா வருது.

கடுப்பு எங்கன்னா விளம்பரத்துல. "நியூயார்க் அப்ரூவ்டு"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், யாருக்குன்னு பொடி எழுத்துல. எங்க ஆபீஸ்ல புதுசா வந்த பொண்ணு அதை நம்பி கட்டிடுச்சு. புதுசா சேர்ந்தவங்களுக்கு முதல் ரெண்டு வருஷமும் வருஷத்துக்கு 16 கிரெடிட், அதுல ஸ்கில்ஸ் (வக்கீல் வேலைத் திறன்) 6 நேர்லயோ இல்ல ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்கு தெரியுற வீடியோ கான்ஃபரன்ஸ்லயோதான் எடுக்கணும், எதிக்ஸ் 3 லைவ் வெபினார்ல எடுக்கலாம் ஆனா அங்கயே கேள்வி கேக்க வழி இருக்கணும், ரெக்கார்டட் செல்லாது. மிச்சம் 7க்குதான் இந்த பிளான் உதவும், அதுக்கு முழு சந்தாவான்னு நீங்களே சொல்லுங்க. கஸ்டமர் கேர்ல கேட்டா "எல்லாமே அப்ரூவ்டுதான் மேம்"னு அதே பாட்டு.

கலிஃபோர்னியா லைசன்ஸும் வச்சிருக்கிற ஃப்ரெண்ட் சொன்னான், அங்க கதையே வேற, 3 வருஷத்துக்கு 25 மணி நேரம், அதுல பாதி பார்ட்டிசிபேட்டரியா, அதாவது நாம கலந்துக்கிட்டதா கணக்காகுற கிளாஸா இருக்கணும், ஆனா நாம பாத்ததை கம்பெனி வெரிஃபை பண்ணா ரெக்கார்டட் கூட அந்த கணக்குல சேருமாம். ஒரே வீடியோ, ஊருக்கு ஒரு சட்டம்!

சீனியர்னா 4 ஸ்டார், ஜூனியர்னா 1. வாங்குறவங்க ஒண்ணு பண்ணுங்க, சந்தா முடிஞ்ச உடனே அக்கவுண்டை லாக் பண்ணிடுறான், சர்டிபிகேட்டை 4 வருஷம் நாமதான் வச்சிருக்கணும், அப்பப்பவே டவுன்லோட் பண்ணிடுங்க.