கனடாப் பார்சலில வந்த சிங்க் கார்னோசின்: அல்சருக்குப் பிரயோசனமோ?

முரசுமோட்டைப் பக்கம் உழவு மெசின் ஓடுற ஆம்பிளையளில பாதிப்பேருக்கு நாரி நோ, மிச்சப்பேருக்கு வயித்தெரிவு. எங்கட இவருக்கு ரெண்டும். நாரிக்கு டிக்ளோபெனக், விடிய வெறும் வயித்தில ஒரு பிளேன்ரீ, அதோட வயலுக்குப் போயிடுவார். குழாய் விட்டுப் பார்த்த இடத்தில இரைப்பையில புண், புண்ணை உண்டாக்கிற ஹெலிகோபக்டர் பைலோரி எண்ட கிருமியும் இருக்கு எண்டு சொல்லிப்போட்டினம். அதைக் கேள்விப்பட்டு ரொறன்ரோவில இருக்கிற மச்சாள் பார்சலில போட்டுவிட்டதுதான் இந்தச் சிங்க் கார்னோசின் போத்தல், அதாவது சிங்க் எண்ட நாகச்சத்தும் கார்னோசின் எண்ட சின்னப் புரதத்துண்டும் சேர்ந்த சாமான்.

வெள்ளைக் கப்ஸ்யூல், மணம் குணம் ஒண்டும் இல்லை. முன்பக்கம் 75 மில்லிகிராம் எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு. கண்ணாடியைப் போட்டுப் பின்பக்கத்தை வாசிச்சால் அதில சிங்க் 16 மில்லிகிராம்தான். காலமை ஒண்டு, படுக்க முதல் ஒண்டு. யப்பானில 1994இல இருந்து போலாபிரெசிங்க் எண்ட பேரில இரைப்பைப் புண்ணுக்கு டொக்டர்மார் எழுதிக் குடுக்கிற மருந்து இதுதான். கனடாவில துண்டு இல்லாமலே வாங்கலாமாம்.

இது அமிலத்தைக் குறைக்கிற மருந்தில்லை. புண்பட்ட இடத்தில ஒட்டி நிண்டு, உள்தோல் ஆறுறதுக்கு உதவுது. அதால போட்ட கையோட நெஞ்செரிவு நிக்கும் எண்டு பார்த்திருக்கிறவைக்கு ஏமாற்றம்தான். இவர் 'இதென்ன, மாத்தூளோ' எண்டு போத்தலைத் தள்ளி வைச்சவர், நான்தான் எடுத்து எடுத்துக் குடுத்தன்.

புண் ஆறினது உண்மை. ஆனால் அந்தப் புகழைப் போத்தலுக்குக் குடுக்க எனக்கு மனமில்லை. கிருமியைக் கொண்டது ஆஸ்பத்திரியில 14 நாளைக்குக் குடுத்த கிளாரித்ரோமைசினும் அமொக்சிசிலினும். அமிலத்தை அடக்கினது ஒமிபிரசோல். இரைப்பையைப் புண்ணாக்கிற அந்த நோக்குளிசை டிக்ளோபெனக்கை ஒளிச்சு வைச்சது நான். சாப்பிட்ட பிறகு வாற வயித்துப் பிரட்டல் கொஞ்சம் கெதியா அடங்கினது, அதில வேணுமெண்டால் இதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். (அந்தக் கிருமியைத் தானே குடிச்சுப் பார்த்த அவுஸ்திரேலிய டொக்டர் பரி மார்ஷலுக்கு 2005இல நோபல் பரிசே குடுத்திட்டினம். எங்கட சனம் இன்னும் மிளகாய்த்தூளிலதான் பழியைப் போடுது.)

பக்கத்து வீட்டு அண்ணர், 'எல்லாம் சிங்க்தானே தங்கச்சி, பார்மசியில மலிவா வாங்கலாமே' எண்டு கேட்டவர். இல்லை அண்ணை. பார்மசியில இருக்கிறது சிங்க் சல்பேட், பிள்ளையளுக்கு வயித்தோட்டம் எண்டால் ஜீவனியோட குடுக்கிறது. வெறும் வயித்தில போட்டால் குமட்டும், புண் இருக்கிற வயித்தை இன்னும் உறுத்தும். கார்னோசினோட சேர்ந்தது வேற சாமான்.

கணக்கும் பாருங்கோ. பெரியாக்களுக்கு ஒரு நாளைக்குச் சிங்க் 40 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. இந்த ரெண்டு கப்ஸ்யூலிலயே 32 வந்திட்டுது. அதோட மல்ரிவிற்றமினும் விழுங்கினால் எல்லை தாண்டும், மாதக்கணக்கில தாண்டினால் உடம்பில செம்புச்சத்துக் குறைஞ்சு இரத்தச்சோகை வரும். சிப்ரோபுளொக்சசின், டெட்ராசைக்ளின் மாதிரிக் கிருமிகொல்லி மருந்து போடுறவை அதையும் இந்தக் கப்ஸ்யூலையும் ஒரே நேரத்தில போடாதேங்கோ, கிருமிகொல்லி உடம்பில சரியாப் பிடிக்காது. மலம் தார் மாதிரிக் கறுப்பாப் போனால், சத்தியில இரத்தம் கண்டால், எந்தப் போத்தலையும் திறக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ.

ஐஞ்சுக்கு மூண்டு குடுப்பன், அதுவும் ஆஸ்பத்திரி மருந்தோட சேர்த்துப் போட்டால்தான். மச்சாள் இன்னொரு போத்தல் அனுப்பவோ எண்டு கேட்டவ. நாரிக்குப் பூசுற தைலம் ஏதும் இருந்தால் போட்டுவிடச் சொல்லியிருக்கிறன்.