மார்கழி நடைக்குக் கோணேசர் மலையா, திரியாய் மலையா?

மார்கழி, தை வந்தால் திருகோணமலையில் "சரியான குளிர்" என்று சொல்லிக்கொள்வோம். விடியற்காலையில் 24 பாகை இருக்கும். நுவரெலியாக்காரர் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே நடையைக் குழப்புவது குளிரல்ல, வடகீழ்ப் பருவமழை. மலையின் அழகைப் பார்த்து இடத்தைத் தீர்மானித்தால் பாதி வழியில் நனைய வேண்டிவரும். மழை எவ்வளவு நேரம் விட்டுத்தரும் என்பதுதான் முதல் கேள்வி. பெயரில் மலை இருந்தாலும், நிலாவெளிக்கு எதிரே உள்ள தீவான புறாமலை இந்தக் கணக்கில் சேராது. கடல் கொந்தளிக்கும் மாதத்தில் படகை நம்பி ஒரு நாளை ஒதுக்க ஏலாது.

அரை நாள் வெளிப்பு மட்டும் என்றால், திருக்கோணேச்சரக் கோயில் இருக்கும் கோணேசர் மலை. கோட்டை வாசலில் இருந்து கோயில் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர், தார் வீதி, மெல்லிய ஏற்றம். முழங்கால் வலிக்காரரும் நின்று நின்று ஏறிவிடலாம். கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அந்தக் கல்லையே கொண்டு கட்டிய கோட்டை இது. 'பிரெட்ரிக் கோட்டை' என்ற பெயர் 1803இல் ஆங்கிலேயர் வைத்தது. உள்ளே நுழையும்போது வாசல் கல்லில் பாண்டியரின் கயல்களைத் தேடிப் பாருங்கள். பக்கத்திலேயே, கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனின் பெயர் வரும் பாட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. ஓட்டோவில் விர்ரென்று மேலே போகிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

மாரியில் இந்த ஏற்றத்தின் சுவை இரு பக்கக் கடலில் இருக்கிறது. இடப்பக்கம் பேக் பே வாடைக்காற்றை நேரே வாங்கி வெள்ளை வெள்ளையாகப் பொங்கும். வலப்பக்கம் டச்சு பே அவ்வளவு ஆட்டம் காட்டாது. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவருகில் நின்றால் அலை பாறையில் அடிக்கும் சத்தம் கீழிருந்து வரும். குடை விரிக்காதீர்கள், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். நனைந்த புள்ளிமான்கள் மரத்தடியில் ஒதுங்கி நிற்கும். கையில் பழப்பை கண்டால் கிட்ட வரும். திருவெம்பாவை நாட்களில் இருட்டோடு ஏறினால் சங்கும் சேமக்கலமும் வழிகாட்டும். குறை ஒன்றுதான்: லீவு நாட்களில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். எட்டு மணிக்குப் பிறகு அது நடையல்ல, வரிசை.

வானம் இரண்டு நாள் தொடர்ந்து வெளித்திருந்தால் என் ஓட்டு திரியாய்க்குத்தான். புல்மோட்டை வீதியில் நிலாவெளி, குச்சவெளி தாண்டி நாற்பது கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். பெரும்போக வயல் பச்சை பிடித்திருக்கும் காலம். சந்தியில் இறங்கி உட்பக்கமாக நடப்பதே பாதி இன்பம். மலையில் கல்படிகள், காட்டு நிழல், உச்சியில் கிரிகண்டு சேயா என்ற பழைய பௌத்த விகாரை. சிறிய தாதுகோபத்தைச் சுற்றி வட்டவட்டமாகக் கல்தூண்கள். புத்தருக்கு முதலில் உணவு கொடுத்த தபஸ்ஸு, பல்லுக என்ற வணிகர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம். மலைப்பாறையில் இருக்கும் கல்வெட்டும் அந்த வணிகர்களைச் சொல்கிறது. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம். கோணேசர் மலையில் கடல் காலடியில் கிடக்கும். இங்கே வயலையும் காட்டையும் தாண்டித் தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும். எனக்கு இந்தக் காட்சிதான் பிடிப்பு.

ஆனால் மழை விட்ட மறுநாளே போகாதீர்கள். மேலே செருப்பைக் கழற்ற வேண்டும். பாசி பிடித்த ஈரக் கல்லில் வெறுங்காலும் சறுக்கும். யானை நடமாடும் பக்கம் என்பதால் விடியலிலும் பொழுதுபட்ட பிறகும் அந்த வழியில் நடக்கக் கூடாது. சாப்பாடு, தண்ணீர் கையோடு கொண்டுபோவது நல்லது.

கன்னியாவை மூன்றாவதாகச் சிலர் சொல்வார்கள். ஏழு வெந்நீர்க் கிணறுகள், சூடு கிணற்றுக்குக் கிணறு வேறு. இராவணன் தாய்க்குக் கருமம் செய்த இடம் என்பது ஐதீகம். வாளியில் அள்ளி ஊற்ற மார்கழிதான் தோதான மாதம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நடக்க என்ன இருக்கிறது? அனுராதபுர வீதியில் இருப்பதால் திரியாயோடு சேர்க்கவும் வராது. காலையில் கோணேசர் மலை ஏறிவிட்டு, கால் அலுப்புக்குக் கன்னியா என்றால் சரி.

திரியாய்க்குப் போகிறவர்கள், திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.